வலங்கைமானில் ஒரு பெழோ

பஞ்சநதத்துக்கு நிதானம் என்பது பிறவியிலேயே கிடையாது. எட்டாம் மாதமே பிறந்துவிட்டவர் என்று அவர் வீட்டில் சொல்வார்கள். சோறு ஆறும்வரை பொறுக்க மாட்டார், ஊதி ஊதித் தின்பார். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி வருவதற்கு முன்பே "எனக்குச் சம்மதம்" என்று சொல்லி இரண்டு வீட்டாரையும் திகைக்க வைத்தவர். அப்படி வந்து சேர்ந்தவர்தான் மங்களாம்பிகை. இன்றைக்கும் சண்டை வந்தால், "அன்னைக்கு பஜ்ஜியத் தின்னுட்டாவது யோசிச்சிருக்கலாம்ல" என்று அந்த அம்மாள் கேட்பார்.

வலங்கைமான் கடைத்தெருவைத் தாண்டி, குடவாசல் போகும் சாலையில் இருக்கிறது அவருடைய பட்டறை. முன்பக்கம் டிராக்டர் சாமான் விற்கும் சின்னக் கடை. அது மங்களாம்பிகையின் ராஜ்ஜியம். பின்பக்கம் தகரக் கொட்டகை. அங்கே பஞ்சநதத்தின் அட்டகாசம். டிராக்டர், பவர் டில்லர் எல்லாம் பார்ப்பார் என்றாலும் அவர் பேர் வாங்கியது கதிர் அறுக்கும் மெஷின்களில்தான்.

அந்த வேலையின் சங்கடம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. விளைந்த கதிர் சாய்ந்து கிடக்கும். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வரும். அந்த நேரம் பார்த்து மெஷின் நடுவயலில் சேற்றில் உட்கார்ந்துவிடும். நிலத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வரப்பில் நிற்பார். அப்போது போய், முறைப்படி கழற்றுகிறேன், தஞ்சாவூரில் புதுச் சாமான் வாங்கி வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை அந்த வரப்பிலேயே புதைத்துவிடுவார்கள். பஞ்சநதம் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார். டீசல் டேங்க் ஒழுகுகிறதா, சலவை சோப்பைக் குழைத்து அப்பிவிடுவார். ரப்பர் குழாய் கிழிந்துவிட்டதா, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பியால் முறுக்குவார். எது உடைந்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சாயங்காலம் வரைக்கும் ஓடினாப் போதும்ல?" ஓடும். மழைக்கு முன்னால் நெல் களத்துக்கு வந்துவிடும். இந்தத் தாலுகாவில் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிற குடும்பங்கள் நிறைய உண்டு, அது ஒன்றும் சும்மா இல்லை.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஷம்சாத் டீச்சர் ஒரு மாசி மாதம், அறுவடையெல்லாம் ஓய்ந்த பிறகு, தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

ஷம்சாத் டீச்சர் வலங்கைமான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சநதத்தின் மகளுக்கு வகுத்தல் வந்ததே அவர் புண்ணியத்தில்தான். சொந்த ஊர் காரைக்கால். அவருடைய வாப்பா நெய்னா முகம்மது பிரெஞ்சுக்காரர்களின் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் ஊர் திரும்பியவர். திரும்பும்போது கப்பலில் ஒரு காரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் காலமான பிறகு கார் காரைக்கால் வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. கஜா புயலில் கொட்டகைக் கூரை பறந்துபோக, டீச்சர் அதை லாரியில் ஏற்றி வலங்கைமானுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தோட்டத்தில் தார்ப்பாயை அவர் விலக்கியதும் பஞ்சநதம் கிட்டே ஓடிப்போய் நின்றார்.

தாழ்ந்த, நீண்ட, இரண்டே கதவு வைத்த வண்டி. கூரை பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஸ்டியரிங் இடது பக்கம். மேலே துரு, டயரெல்லாம் தரையோடு தரை, ஆனாலும் அது நின்ற நிற்பில் இப்போதே எங்கேயோ கிளம்பிப் போகப் போவதுபோல் ஓர் அவசரம் இருந்தது. தன்னைப் போலவே ஒரு பிறவி என்று பஞ்சநதம் நினைத்தார். பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போனது. பஜ்ஜிக்கு முன்பே சம்மதம் சொன்ன மனிதர் அல்லவா.

"பெழோன்னு பேரு. பிரான்ஸ் வண்டி" என்றார் டீச்சர். "உடம்பு மட்டும் இத்தாலில செஞ்சதுன்னு வாப்பா சொல்லுவாங்க. இது ஓடணும் பஞ்சநதம். இங்கேருந்து காரைக்கால் வரைக்கும்."

"ஓடும் டீச்சர்."

"இன்னும் நீங்க மூடியத் தொறந்தே பாக்கல."

"அதெல்லாம் ஓடும்."

காரணத்தை டீச்சர் அப்புறம்தான் சொன்னார். அவருடைய தம்பி அஸார் பிரான்ஸில் குடும்பத்தோடு இருக்கிறார். ஆடி மாதம் லீவில் வரப் போகிறார். பாண்டிச்சேரியில் பழைய கார்களைச் சேர்த்துப் பராமரிக்கிற ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இந்த வண்டியை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அஸாரின் எண்ணம். இங்கே யாருக்கும் இதை வைத்துக் காப்பாற்றத் தெரியாது, துருப்பிடித்துச் சாகும் என்கிறார். டீச்சருக்கு அதைக் கேட்கவே பொறுக்கவில்லை. பல நாள் போனில் மல்லுக்கு நின்று கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது: அஸார் ஊரில் இருக்கும்போதே வண்டி தன் சொந்தக் காலில் காரைக்கால் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் அது அக்காவுக்கு. வராவிட்டால் லாரி ஏறிப் பாண்டிக்குப் போகும்.

"சின்ன வயசுல வாப்பா என்னைப் பக்கத்துல உக்கார வச்சுத்தான் கடக்கரைக்குப் போவாங்க" என்றார் டீச்சர். "எனக்குன்னு இந்த உலகத்துல ஏதாச்சும் வேணும்னு நான் கேட்டது இல்ல. இது வேணும்."

பஞ்சநதத்துக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. மறுநாளே டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

பட்டறைக்கு வந்த வண்டியைக் கடைக்குள்ளிருந்தே எட்டிப் பார்த்த மங்களாம்பிகை, "இதுல எத்தனை வரிசை அறுக்கலாம்?" என்று கேட்டார். ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளே வந்து, பின்சீட்டைப் பிரித்து எலிகள் சேர்த்து வைத்திருந்த நெல்லை வாரி வாரி முறத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். கதவுக்குள் எல்லாம் நெல். டீச்சர் தோட்டத்தை ஒட்டிய வயலில் அறுவடைக்கு அறுவடை எலிகள் பங்கு எடுத்திருக்கின்றன.

என்ஜினைத் திறந்த நாள் பஞ்சநதம் கத்திய கத்தலில் எதிர் டீக்கடையிலிருந்து ஆள் ஓடி வந்தது. விஷயம் ஒன்றுமில்லை. என்ஜின் நேராக நிற்காமல் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. அதுவரை அவர் முகம் சுருங்கித்தான் இருந்தது. மேல் மூடியைத் தூக்கியதும் உள்ளே தெரிந்தவை தனித்தனியாகக் கழற்றி எடுக்கிற லைனர்கள் என்கிற சிலிண்டர் உறைகள், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓட வழி. "நம்ம டிராக்டர் மாதிரியேதான் இருக்கு மங்களம், நம்ம டிராக்டரேதான்" என்று குதித்தார். பிரான்ஸிலிருந்து வந்த விருந்தாளி நமக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அந்தச் சந்தோஷம்.

பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதங்கள் ஓடின. தஞ்சாவூர் லேத்துப் பட்டறை வைரக்கண்ணு பிரேக் சிலிண்டர்களைக் கடைந்து உள்ளே பித்தளை உறை போட்டுக் கொடுத்தார். ஓட்டையான தரைத் தகட்டை வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்தார் பஞ்சநதம். துருவைச் சுரண்டிப் புது வர்ணம் அடித்தார். கார்புரேட்டரைக் கழற்றித் துளை துளையாக ஊதினார். பட்டறைக்கு வரும் விவசாயிகள் தங்கள் வேலையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இதைக் காட்டுவார். "இதப் பாருங்க, இதப் பாருங்க" என்பதுதான் அந்த மாதங்களில் அவர் அதிகம் பேசிய பேச்சு. டீச்சர் தினமும் காலையில் வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வண்டிச் சாமான் ஒன்றின் பேரும் தெரியாது. ஆனால் வண்டி எப்படி இருந்தது என்பது தெரியும்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது என்ஜின் முதல்முதலாகக் கிளம்பிய அன்று புரிந்தது. இருமி, புகை விட்டு, நின்று, திரும்ப இருமி, சட்டென்று ஓடத் தொடங்கியது. டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மங்களாம்பிகை கடையில் நின்ற வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். பஞ்சநதம் மட்டும் ரேடியேட்டர் பக்கம் பார்த்துவிட்டு, "ஐயையோ, ஃபேன் சுத்தலயே" என்றார். சொன்ன கையோடு அதை அச்சோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம் என்று கம்பியை எடுத்துவிட்டார்.

"பொறுங்க, பொறுங்க" என்றார் டீச்சர். "அது அப்படித்தான் சும்மா நிக்கும். அப்புறம் தன்னால சுத்தும். நான் பாத்திருக்கேன்."

பஞ்சநதம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். என்ஜின் சூடேறியது. 'டக்' என்று ஒரு சத்தம். விசிறி தானாகச் சுழன்று காற்றை அள்ளி வீசியது. சூடு வந்தால் மட்டும் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு சுற்றுகிற விசிறி அது. பஞ்சநதம் கம்பியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆடி பிறந்தது. ஆறுகளில் தண்ணீர் வந்து, வாய்க்கால் தோறும் பாய்ந்து, குறுவை பச்சைப் பசேலென்று நின்றது. அஸார் காரைக்கால் வந்து சேர்ந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பாண்டிக்குப் போகும் லாரி வாசலில் நிற்கும், அதற்குள் வண்டி வந்தால் வந்ததுதான் என்று போனில் சொல்லிவிட்டார். சனிக்கிழமை அவருக்கு விமானம்.

வெள்ளிக்கிழமை காலையில் பஞ்சநதம் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நின்றார். டயர் காற்று, பிரேக், தண்ணீர், என்ஜின் ஆயில் எல்லாம் பார்த்தார். கடைசியாகப் பின் அச்சு. இத்தனை மாதத்தில் அதை மட்டும் அவர் கழற்றவில்லை. சுற்றிப் பார்த்தபோது சத்தமில்லாமல் சுற்றியது, அதனால் அப்படியே விட்டுவிட்டார். இப்போது மூடியைத் திறந்து விரலை விட்டால் எண்ணெய் மட்டம் எட்டவில்லை, நுனியில் கொஞ்சம் பிசுக்குதான் ஒட்டியது. கடைக்குள் போய் டிராக்டருக்கு ஊற்றுகிற கியர் ஆயில் டப்பாவை எடுத்து வந்தார்.

"உள்ள என்ன எண்ணெய் இருக்குன்னு பாத்தீங்களா?" என்றார் மங்களாம்பிகை.

"பின்னாடி அச்சு கிரவுன்ல கியர் ஆயில் ஊத்தாம நல்லெண்ணெயா ஊத்துவாங்க? நேரமாச்சு, தள்ளு."

ஊற்றி நிரப்பி, மூடியை முறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். டீச்சர் வலது பக்கம். மங்களாம்பிகை தேங்காய் சுற்றி உடைத்தார். பெழோ கிளம்பியது.

அந்தக் காலைப் பயணத்தைப் பற்றி பஞ்சநதம் இன்றைக்கும் பேச ஆரம்பித்தால் கை தானாக ஸ்டியரிங் பிடிக்கும். வண்டி சாலையைத் தொட்டுக்கொண்டு போவதே தெரியவில்லை. என்ஜின் ஒரே சுதியில் பாடியது. குடவாசல் கடைத்தெருவில் ஜனங்கள் போனைத் தூக்கிக்கொண்டு படமெடுக்க வந்துவிட்டார்கள். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதால் முன்னால் போகும் லாரியைத் தாண்டலாமா என்று அவரால் பார்க்க முடியாது. வலது பக்கம் இருக்கிற டீச்சர்தான் கண். பஞ்சநதத்துக்குத் தாண்டாமல் இருக்க முடியாது. டீச்சருக்குத் தப்பாகச் சொல்ல வராது.

"எதிர்ல பஸ். வேணாம்... வேணாம்... இப்ப போங்க."

பஞ்சநதம் மிதித்தார். வண்டி சீறிக்கொண்டு லாரியைத் தாண்டியது. டீச்சர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சின்னப் பெண்போலச் சிரித்தார். வாழ்நாளெல்லாம் கணக்குப் போட்டவருக்குத் தூரமும் வேகமும் சேர்ந்து கைக்குள் வந்த மகிழ்ச்சி. அடுத்த லாரி எப்போது வரும் என்று இருவருமே காத்திருந்தார்கள்.

நன்னிலம் தாண்டியதும் பின்னாலிருந்து மெல்லிய ஓர் ஊளை கேட்டது. பஞ்சநதம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேரளம் தாண்டியதும் அது கொஞ்சம் உரத்தது. வேகத்தைக் குறைத்தார். சாராயக் கடைப் பலகைகள் வரிசை கட்டி வரத் தொடங்கின. காரைக்கால் எல்லைக்குள் வந்துவிட்டார்கள். அம்பகரத்தூரைக் கடந்தபோது வண்டிக்குள் கனமான, சூடான ஒரு வாசனை ஏறியது.

டீச்சர் கண்ணை மூடி ஆழமாக மூச்சிழுத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதான். இதான் வாப்பா வண்டி வாசனை. நீங்க வந்து எல்லாம் செஞ்சீங்க, இந்த வாசனை மட்டும் வரலயேன்னு நெனச்சேன்."

"என்ன வாசனை டீச்சர் இது?"

"வெளக்கெண்ணெ மாதிரி இல்ல? வாப்பாகூட டின் டின்னா வாங்குவாங்க. மாமூல் மலச்சிக்கல்னு நாங்க நெனச்சுக்குவோம். கொட்டகையிலேயே வச்சிருப்பாங்க."

பஞ்சநதத்தின் கால் தானாகப் பிரேக்கில் அழுந்தியது.

திருநள்ளாற்றுக்கு முன்னால், சாலையோரம் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டி நின்றது. அவர் இறங்கி, துண்டை விரித்து, அடியில் நுழைந்தார். பின் அச்சின் உறை தொட முடியாத சூடு. மூடியை ஸ்பானரால் திறந்து வேப்பங்குச்சி ஒன்றை உள்ளே விட்டு எடுத்தார். அதில் ஒட்டி வந்தது எண்ணெயே இல்லை. திரிந்த பாலைப் போலக் கட்டி கட்டியாக ஒன்று. வெயிலில் காட்டினால் அதற்குள் பொடிப் பொடியாக மின்னியது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையில் அரம் போட்ட இடத்தில் தரையெல்லாம் மின்னுமே, அதே நிறம். பஞ்சநதம் குச்சியைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் அப்பா ஓட்டிய மாட்டு வண்டி அச்சுக்கு விளக்கெண்ணெய்தான். அதில் மெஷின் எண்ணெய் பட்டால் சேராது, திரிந்துபோகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும், மோட்டார் வண்டியின் பின் அச்சில் ஒருவன் விளக்கெண்ணெய் ஊற்றியிருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. விரலில் பட்ட மிச்சத்தை ஒரு முறை முகர்ந்து பார்த்திருந்தால் போதும். அதற்கும் பொறுமை இல்லை.

"என்ன பஞ்சநதம்?" டீச்சர் அருகில் வந்து நின்றார்.

"நான் கெடுத்துட்டேன் டீச்சர். உள்ள வெளக்கெண்ணெ இருந்திருக்கு. நான் காலைல கியர் ஆயில ஊத்தி ரெண்டையும் திரிய வச்சிட்டேன். உள்ள இருக்கிறது வெங்கலப் பல்சக்கரம் போலருக்கு. அது தேஞ்சுக்கிட்டு இருக்கு."

"இங்கேயே எண்ணெய மாத்த முடியாதா?"

"முடியாது. எல்லாத்தையும் கழட்டி, ஒரு துகள் இல்லாம கழுவணும். இல்லாட்டி அந்தத் துகளே மிச்சத்த அரைச்சிடும்."

டீச்சர் சாலையைப் பார்த்தார். திருநள்ளாற்றுக் கோபுரம் தெரிந்தது. அதைத் தாண்டினால் காரைக்கால்தான். "இப்படியே போனா?"

அந்தக் கேள்விக்குப் பதில் பஞ்சநதத்துக்குத் தெரியும். அதுதான் கொடுமை. அவர் வாழ்க்கையெல்லாம் பதில் சொன்ன கேள்வி அது. இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு, ஒரு கெட்டுப்போன வண்டி இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியும். இது போகும். நிச்சயம் போகும். மெதுவாக உருட்டினால் ஊளையிட்டுக்கொண்டே காரைக்கால் வீட்டு வாசலில் போய் நிற்கும். அஸார் பார்ப்பார். வாக்கு வாக்குதான். வண்டி டீச்சருக்கு. அவர் கை சாவியைத் தேடிப் பாக்கெட்டுக்குள் போனது. போய்விடலாம், போய்விடலாம் என்று உடம்பு முழுவதும் சொன்னது.

"போயிடும் டீச்சர்" என்றார். "வாசல்ல போய் நிக்கும். அதுக்கப்புறம் எங்கயும் போகாது. அந்தச் சக்கரம் செத்துரும்."

டீச்சர் கார் மேல் கை வைத்து நின்றார். "எனக்கு இது வேணும் பஞ்சநதம்" என்றார். "ஆனா எதச் செய்யறதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க."

பஞ்சநதம் சாவியை வெளியே எடுத்தார். கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதை டீச்சரிடம் நீட்டினார்.

"நிறுத்திடுவோம்."

எத்தனையோ சேற்று வயல்களில், எத்தனையோ பேர் கெஞ்சி நிற்க, அவர் வாயிலிருந்து ஒரு நாளும் வராத வார்த்தை. தோற்றுப்போனேன் என்று நினைத்தார். ஓர் அம்மாள் வாழ்நாளில் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருளைத் தன் அவசர புத்தியால் லாரி ஏற்றி அனுப்பிவிட்டேன் என்று நினைத்தார். அப்படியே நினைத்துக்கொண்டு அஸாருக்கு அவரே போன் போட்டார். சுற்றி வளைக்கவில்லை.

"பாய், நான் பஞ்சநதம் பேசறேன். திருநள்ளாறுகிட்ட நிக்கிறோம். வண்டி அங்க வராது. வரவைக்க முடியும், நான் வரவைக்க மாட்டேன். தப்பு என்னுது, டீச்சருது இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து "அங்கேயே இருங்க" என்று மட்டும் வந்தது.

மரத்தடியில் இருவரும் காத்திருந்தார்கள். பஞ்சநதத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் காத்திருப்பது கஷ்டமாக இல்லை; வந்து சேரப்போவது வராமலே இருந்தால் நல்லது என்றிருந்தது. ஆனால் வந்தது. முன்னால் ஓர் ஆட்டோ, அதன் பின்னாலேயே வண்டி ஏற்றப் பலகை வைத்த லாரி. டீச்சர் லாரியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆட்டோவிலிருந்து அஸார் இறங்கினார். ஜும்மா தொழுகைக்குப் புறப்பட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. அக்காவைப் பார்த்தார், பஞ்சநதத்தைப் பார்த்தார், நேராக வண்டிக்குப் போனார். அவரும் அதைப் பார்த்துப் பல வருஷமாகிறது. புது வர்ணத்தின் மேல், கதவின் மேல், சரிந்து இறங்கும் கூரையின் மேல் கையை ஓட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். பஞ்சநதம் குச்சியை அவரிடம் காட்டினார். அஸார் அதை வாங்கி வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"பாண்டிக்காரரும் இதத்தான் சொன்னாரு" என்றார். "உள்ள வெங்கலச் சக்கரம், போச்சுன்னா தேடிப் புடிக்கிறது கஷ்டம்னு. இது எவ்வளவு தேஞ்சிருக்கு?"

"மேலாப்பலதான் பாய். இப்ப நிறுத்தினதுல சக்கரம் பொழச்சுக்கும். நல்லாக் கழுவி, சுத்தமான வெளக்கெண்ணெ ஊத்தினாப் போதும். நம்ம ஊர்ல அதுக்குப் பஞ்சமில்ல."

"என் வீட்டு வாசல் இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"தெரியும் பாய்."

"நானா இருந்தா ஓட்டிட்டு வந்திருப்பேன்."

பஞ்சநதம் தலையைக் குனிந்துகொண்டார். அஸார் அக்காவிடம் போனார். "லாத்தா, இங்க பாருங்க. இது ஓடாதுன்னு நான் சொல்லல. ஓட்டத் தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்காங்க. இத ஓட்டியே கொன்னுடுவாங்கன்னுதான் பயந்தேன். நீங்க ரெண்டு பேரும் எப்படியாச்சும் உருட்டிக்கிட்டு வாசலுக்கு வந்திருந்தா வாக்குக்காகக் குடுத்திருப்பேன். வருத்தத்தோட குடுத்திருப்பேன்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

லாரிக்காரர் இறங்கி வந்து, "ஏத்திடலாமாங்க? பாண்டிக்கு இருட்டறதுக்குள்ள போயிடலாம்" என்றார்.

"ஏத்துங்க" என்றார் அஸார். "பாண்டிக்கு இல்ல. வலங்கைமானுக்கு."

"வலங்கைமானா? அங்க எங்க?"

"குடவாசல் ரோட்டுல பஞ்சநதம் பட்டறை. இவரே கூட வருவாரு."

பஞ்சநதத்துக்குக் காதில் விழுந்தது புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் என்ன செய்வதென்று தெரியாமல் லாரிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். டீச்சர் அழுதுவிட்டார். முந்தானையால் மூடிக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நடுச்சாலையில் நின்று தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகிற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

லாரியின் பலகை இறங்கியது. அஸார் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு பின்பக்கம் தோளைக் கொடுத்தார். லாரிக்காரர் ஒரு பக்கம், பஞ்சநதம் ஒரு பக்கம். "நீங்க தள்ள வேணாம் டீச்சர், ஸ்டியரிங் புடிங்க" என்றார் பஞ்சநதம். ஷம்சாத் டீச்சர் தன் வாப்பாவின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் தம் கட்டித் தள்ள, பெழோ மெல்ல மேலே ஏறியது.